முட்டைக் கணக்கு

பதினாறு அணி, அணிக்கு இருபது பேர்.
ஆளுக்கொரு முட்டை என்றால்
பத்து அட்டை, மேலே இருபது.
விடியற்காலை நாலு மணிக்கு சிவாஜிநகரிலிருந்து
ஆட்டோவில் அடுக்கி, மூன்று அட்டையை
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
ஆஸ்டின் டவுன் வரைக்கும் எந்தப் பள்ளம் எங்கே என்று
டிரைவரைவிட எனக்குத் தெரியும்.
உடைந்தது ரெண்டே ரெண்டு.

தசரா லீவு. கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்து பெஞ்சுகளை
வராந்தாவில் ஏற்றிவிட்டு
வகுப்புக்கு ஓர் அணி படுத்திருந்தது.
கோவாக்காரர்கள் ஆறாம் வகுப்பு.
கல்கத்தா, தலைமையாசிரியர் அறை:
அங்கே மட்டும்தான் ஃபேன்.
ஜலந்தர் போலீஸ்காரர்கள் மூன்றாம் வகுப்பு,
கால் நீட்டினால் சுவர்.
மணிப்பூர்ப் பையன்களுக்கு ஐந்தாம் வகுப்பு பி.
கரும்பலகையில் பதினேழாம் வாய்ப்பாடு இருந்தது,
அதை அழிக்காமல் அதன் மேலேயே
அம்பு அம்பாய்ப் போட்டுக்கொண்டிருந்தார் கோச்.

இது நாக்அவுட்.
சாயங்காலம் கடைசி விசில் ஊதினால்
மறுநாள் எனக்குப் பாதி அரிசி போதும்.
முந்நூற்று இருபது நூற்று அறுபதாகும்,
நூற்று அறுபது எண்பதாகும்.
ஸ்கோர் என்ன என்று யாரையும் கேட்கமாட்டேன்.
ஜெயித்தவன் ரசம் ரசம் என்று சத்தம் போடுவான்.
தோற்றவன்
தன் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவான்.

ஒரு கோலும் போடாத அணியைப் பார்த்து
எங்கள் தெருப் பையன்கள் மதில்மேல் உட்கார்ந்து
'முட்டை! முட்டை!' என்று கத்துவார்கள்.
அந்த ராத்திரிகளில்
வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுக் கொத்தி
எல்லாவற்றையும் பொடிமாஸ் ஆக்கிவிடுவேன்.
உருண்டையாய், வெள்ளையாய்
ஒருவன் தட்டில் கொண்டுபோய் வைக்க
எனக்குக் கை வராது.

செவ்வாய்க்கிழமை சேறு.
ரெண்டு பக்கமும் கோல் இல்லை, டைபிரேக்கர்.
கடைசிப் பந்து இபோம்சாவின் இடது கையில் பட்டு,
பட்டதற்கு அடையாளமாகக் கொஞ்சம் நின்று,
அப்புறம் உள்ளே போனது.

அவர்களுக்கு ரயில் வெள்ளிக்கிழமை.
செக்ரெட்டரி சிவலிங்கையா சொன்னார்:
'தோத்தாச்சு எமில்டாம்மா. நாளையிலிருந்து
அவங்க மெஸ் கணக்குல கிடையாது. ரூல்.'
'சரி சார்' என்றேன்.
எண்பது வேகவேண்டிய அண்டாவில்
நூறு வெந்தது, மூன்று நாளும்.

இபோம்சா ரெண்டு நாள் சாப்பிட வரவில்லை.
மூன்றாம் நாள் சமையற்கட்டுக்குள்ளேயே வந்து
பாஷை எதுவும் இல்லாமல் கத்தியை வாங்கிக்கொண்டான்.
ஒரு கூடை வெங்காயம் உரித்தான்.
அழுவதற்கு அதைவிட வசதியான இடம்
இந்த ஊரில் கிடையாது,
நானும் அங்கேதான் அழுதிருக்கிறேன்.

ஃபைனல் நான் பார்க்கவில்லை. மழையாம், இருட்டாம்,
ஒன்றுக்கு ஒன்றாம்.
கோப்பை ரெண்டு பேருக்கும் என்று அறிவித்து
முதல் ஆறு மாசம் யாரிடம் என்பதற்கு
ஒரு ரூபாயைச் சுண்டினார்களாம்.
பதினாலு அணியை மூட்டை கட்ட வைத்துவிட்டு
கடைசியில் வந்த இரக்கம்!
அதை செவ்வாய்க்கிழமை சுண்டியிருக்கலாம்.

கணக்குப் பார்த்த சிவலிங்கையா
அறுபது முட்டைக்குக் குறுக்கே
சிவப்பு மையில் கோடு போட்டார்.
போடட்டும்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள்
கொல்லைக் கொடியில் ஒரு கையுறை கிடந்தது.
இடது கை மட்டும்.
மறந்தானா, விட்டானா, தெரியவில்லை.
இப்போது சோற்று அண்டா இறக்க அதுதான்.
சூடே தெரியாது.
நடுவிரலில் மட்டும் தையல் விட்டிருக்கிறது,
அந்த வழியாகக் கொஞ்சம் ஆவி வரும்.